தீப்பெட்டியில் வந்த வண்டு

கோயமுத்தூர்
12-10-1942

அன்புள்ள தங்கச்சி அழகம்மாளுக்கு அண்ணன் நல்லதம்பி எழுதுவது. நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை பிச்சமுத்துவும் குழந்தைகளும் எப்படி இருக்கிறீர்கள்? சின்னவளுக்கு இருமல் நின்றதா? யுத்தம் வந்ததிலிருந்து இங்கே மண்ணெண்ணெய் கண்ணில் படுவதில்லை. அங்கேயும் அப்படித்தான் இருக்கும்.

மாப்பிள்ளையால் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும். எங்கள் பூச்சி ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் துரை குகைகளில் வாழும் சாணி வண்டுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். ரோட்டில் சாணியை உருட்டிக்கொண்டு போகுமே, அதே ஜாதி வண்டுதான். ஆனால் சில வகைகள் வெளிச்சமே படாத குகைக்குள் வௌவால் எச்சத்தைத் தின்று அங்கேயே பிறந்து அங்கேயே சாகின்றன. திருவெறும்பூருக்குத் தெற்கே கரட்டுக் குகையில் என் தங்கை புருஷன் வௌவால் எரு அள்ளி, ஸ்ரீரங்கத்து வாழைத் தோட்டங்களுக்கு வண்டியில் கொண்டுவந்து போடுகிறார் என்று சொன்னேன். துரை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பன்னிரண்டு வருஷ சர்வீசில் ஒரு மேலதிகாரி என் பெயரை விசாரித்தது அன்றைக்குத்தான்.

எருவில் வண்டு கிடைத்தால் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, நசுங்காமல் தபாலில் அனுப்பச் சொல். குகையின் வாசலில் கிடைத்ததையும் உள்ளே கிடைத்ததையும் வேறு வேறு பெட்டியில் போடவேண்டும்.

இன்னொன்று. ராசப்பனைப் பற்றி எதுவும் எழுதாதே. பொன்மலை ஒர்க்ஷாப்பில் பிட்டர் வேலையில் இருந்தவன், ஆகஸ்டில் தண்டவாளம் பெயர்த்த கேசில் பெயர் அடிபட்டு ஓடிப்போனான். நான் சர்க்கார் சம்பளத்தில் இருப்பவன். கூடப்பிறந்த தம்பி தலைமறைவு என்று ஆபீசில் தெரிந்தால் என் கதி என்ன ஆகும்? அவன் இருந்தாலும் எனக்குத் தெரியவேண்டாம், இல்லாவிட்டாலும் தெரியவேண்டாம். மீறி எழுதினால் உன் கடிதத்தை நான் பிரிக்கமாட்டேன்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

அண்ணன்,
நல்லதம்பி

*

மேலூர், ஸ்ரீரங்கம்
27-10-1942

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு அழகம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் மூன்றாம் நாளே கிடைத்தது. நாங்கள் சுகம். சின்னவளுக்கு இருமல் விட்டுவிட்டது. அண்ணியின் முட்டுவலி இப்போது தேவலையா?

வண்டு விஷயத்தைப் படித்துக் காட்டினேன். உங்கள் மாப்பிள்ளை வெகுநேரம் சிரித்தார். "ஊர் உலகத்துல குண்டு போட்டுக்கிட்டு இருக்கான், உங்க அண்ணன் பீவண்டு கேக்குறாரா?" என்றார். ஆனாலும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். குகை வாசல் ரொம்பக் குறுகல் அண்ணா. ஆள் வயிற்றால் ஊர்ந்துதான் போகவேண்டும். உள்ளே போனால் ஒரு கல்யாணக் கூடம் அளவுக்கு இடம் இருக்கிறது. மூக்கில் துணி கட்டாமல் நிற்கமுடியாது.

இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வாரத்தில் ஒருநாள் நானும் வண்டியில் போகிறேன். எரு அள்ளுகிறவர்களுக்குச் சோறு கொண்டுபோக ஆள் கிடைப்பதில்லை.

நீங்கள் சொன்னபடி வேறு எதுவும் எழுதவில்லை.

தங்கை,
அழகம்மாள்

*

கோயமுத்தூர்
20-11-1942

அன்புள்ள அழகு,

உங்கள் எல்லோருடைய சுகத்தையும் விரும்பும் அண்ணன் எழுதுவது. பார்சல் வந்தது. ஆறு தீப்பெட்டி, ஒவ்வொன்றிலும் மூன்று வண்டு, ஒன்றுக்குக்கூடக் கால் ஒடியவில்லை. பெட்டியின் அடியில் வாசலிலிருந்து எத்தனை முழம் உள்ளே கிடைத்தது என்று பென்சிலால் கோடு கோடாகப் போட்டிருந்தது. துரை பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டார். "உங்கள் மைத்துனர் எந்தக் காலேஜில் படித்தார்?" என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு இவ்வளவு பொறுமை உண்டு என்று நான் நினைக்கவே இல்லை. என் பாராட்டைச் சொல்.

எல்லாம் வௌவால் எச்சத்தில் வாழும் சின்ன வகை. இன்னும் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து அனுப்பச் சொல். துரை கட்டுரையின் அடியில் என் பெயரையும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மழையில் நனைந்து திரியாதே.

அண்ணன்,
நல்லதம்பி

*

மேலூர்
18-12-1942

அண்ணன் அவர்களுக்கு நமஸ்காரம். நாங்கள் நலம். மழையில் கொள்ளிடக்கரைப் பக்கம் வாழை நிறையச் சாய்ந்துவிட்டது. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இத்துடன் நான்கு பெட்டி அனுப்பியிருக்கிறோம். சிவப்பு நூல் கட்டியதில் ஒரே ஒரு வண்டுதான் இருக்கிறது. பெரியது, தலையில் கொம்பு. குகையின் கடைசியில் கிடைத்தது. இதைப் பார்த்தால் அண்ணன் ரொம்ப சந்தோஷப்படுவார் என்று சொல்லித்தான் அனுப்பச் சொன்னார்கள். கொம்பு ஒடியாமல் இருக்க இலவம் பஞ்சு வேண்டுமென்று கேட்டு வாங்கி, பஞ்சை மூன்று தடவை மாற்றி வைத்தார்கள்.

உங்கள் பெயர் புத்தகத்தில் வரும் என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம்.

அழகம்மாள்

*

கோயமுத்தூர்
4-1-1943

அன்புள்ள அழகுக்கு,

புது வருஷத்தில் உங்கள் குடும்பம் செழிக்க வேண்டும். உன் அண்ணிக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது.

சிவப்பு நூல் பெட்டி என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அந்தக் கொம்பு வண்டு குகைக்கு உரியதே அல்ல. துரை நீலகிரிக்கு முகாம் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் நானே கண்டுபிடித்துவிட்டால் எவ்வளவு பெருமை! மாப்பிள்ளையிடம் கேட்டு உடனே எழுது. குகைக்குள் ஆடு மாடு ஏதாவது போகிறதா? எரு அள்ளுகிறவர்கள் உள்ளேயே வெளிக்குப் போகிறார்களா?

பதிலை எதிர்பார்க்கும்,
நல்லதம்பி

*

மேலூர்
22-1-1943

அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். சுகம். பொங்கல் வைத்தோம்.

குகைக்குள் மாடு போகும், ஆடும் போகும், எல்லாம் போகும். எரு அள்ளும் குத்தகை முடிந்துவிட்டது. இனிமேல் உங்கள் மாப்பிள்ளை அங்கே போகமாட்டார். வண்டு விஷயத்தை இதோடு விட்டுவிடுங்கள் அண்ணா. பெயர் வராவிட்டால் என்ன குறைந்துவிடும்?

லூர்து என்று ஒருவர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பொன்மலையில் வேலை பார்த்தவர். போன வாரம் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் எழுதக்கூடாது என்று சொன்னதை நான் எழுதவில்லை. ஊர்ச் செய்தியாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் இந்தத் தடவை ஒன்பது நாள் கழித்து வந்தது. உறையின் ஓரத்தில் பசை ஈரம் காயாமல் இருந்தது. நீங்கள் ஒட்டுகிற மாதிரி இல்லை.

யோசித்து எழுதுங்கள்.

அழகம்மாள்

*

கோயமுத்தூர்
2-2-1943

அன்புள்ள அழகு,

இங்கு சுகம். உன் கடிதம் சுருக்கென்று இருந்தது. தபால் தாமதத்துக்கு யுத்தம்தான் காரணம். நான் என்ன செய்யமுடியும்?

மாடு போகும் என்று எழுதியிருக்கிறாய். ஆள் ஊர்ந்துதான் போகவேண்டும் என்று எழுதியதும் நீதான். ஊர்ந்து போகிற மாடு எந்த ஊரில் இருக்கிறது? எதையோ அவசரத்தில் எழுதியிருக்கிறாய்.

நானே கண்டுபிடித்துவிட்டேன். மூன்று நாள் புத்தகங்களைப் புரட்டி, வண்டின் வயிற்றையும் அறுத்துப் பார்த்தேன். இந்த வகை வௌவால் எச்சத்தைச் சீந்தாது. இதற்கு வேண்டியது மனித மலம். அதுவும் இவ்வளவு ஆழத்தில் வந்து தங்கியிருக்கிறதென்றால், இரண்டு மூன்று மாதமாக அந்தக் குகைக்குள் ஓர் ஆள் குடியிருக்கிறான். வந்துபோகிற ஆள் இல்லை. அங்கேயே உண்டு உறங்குகிறவன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குத்தகைக்காரரான மாப்பிள்ளை கண்ணில் அவன் எப்படிப் படாமல் போனான் என்பதுதான் ஆச்சரியம்.

திருடனாக இருக்கலாம், பட்டாளத்தை விட்டு ஓடிவந்தவனாக இருக்கலாம். மாப்பிள்ளையைத் தனியே போகவேண்டாம் என்று சொல். மணியக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. நீ இனிமேல் சோறு கொண்டு அந்தப் பக்கம் போகாதே.

ஒரு வண்டு எவ்வளவு பேசுகிறது பார்த்தாயா!

அன்புள்ள அண்ணன்,
நல்லதம்பி

*

கோயமுத்தூர்
27-2-1943

அன்புள்ள அழகம்மாளுக்கு,

பதினைந்தாம் தேதி ஒரு கார்டு போட்டேன். பதில் இல்லை. குழந்தைகளுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? நான் கடிந்து எழுதியதாக நினைத்துக்கொண்டாயா? துரை இன்னும் திரும்பவில்லை.

நேற்று ஆபீசுக்குப் போலீஸ் இலாகாவிலிருந்து ஒருவர் வந்தார். திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். என்னைப் பார்த்துக் கைகொடுத்து, சர்க்காருக்குப் பெரிய உதவி செய்திருக்கிறீர்கள் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன உதவி என்று கேட்டதற்கு, தெரியாதது போல் பேசுகிறீர்களே என்று சிரித்துவிட்டுப் போனார்.

உடனே எழுது.

நல்லதம்பி

*

மேலூர்
9-3-1943

அண்ணா,

பிப்ரவரி ஏழாம் தேதி காலையில் குகை வாசலில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினார்கள். வௌவால் எல்லாம் புகையோடு வெளியே கொட்டியது. கடைசியில் ராசு ஊர்ந்து வெளியே வந்தான். வெளிச்சத்தில் அவனுக்குக் கண் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினானாம். அப்படியும் அடித்தார்கள். வலது கையில் எலும்பு முறிந்துவிட்டது. அன்று மத்தியானமே இங்கே வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த இவரை எச்சில் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். உங்கள் கடிதம் பத்தாம் தேதிதான் எனக்குக் கிடைத்தது. எனக்கு முன்னால் படிக்கவேண்டியவர்கள் படித்துவிட்டார்கள். அதனால் இதைத் தபாலில் போடாமல், கோயமுத்தூருக்கு வாழைத்தார் ஏற்றிவரும் நம்பிக்கையான ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன், இனி நீங்களும் அவரிடமே கொடுத்தனுப்புங்கள்.

செப்டம்பரிலிருந்து தம்பி அங்கேதான் இருந்தான். நானும் இவரும்தான் வைத்திருந்தோம். ஆறு வயசிலிருந்து நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனைப் பற்றி எழுதினால் கடிதத்தைப் பிரிக்கமாட்டேன் என்றீர்கள். பிரிக்காமல் விட்டால் உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமே இல்லாமல் போகும் என்று பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன். கடைசிக் கடிதத்தில் என்னால் முடிந்தவரைக்கும் சொன்னேன். நீங்கள் மாட்டைப் பற்றி எழுதினீர்கள்.

வண்டு பிடித்தது இவர் இல்லை. இவருக்கு அதைத் தொடவே அருவருப்பு. தம்பிதான் பிடித்தான். உங்கள் முதல் கடிதத்தை நான் அவனுக்குப் படித்துக் காட்டினேன். அவனைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை விட்டுவிட்டுத்தான் படித்தேன். "அண்ணன் கேட்டாரா? நானே பிடிச்சுத் தரேங்க்கா" என்றான். இருட்டில் நாள் முழுவதும் தனியாக இருந்தவனுக்கு அது ஒரு வேலையாகப் போயிற்று. அந்தக் கொம்பு வண்டு அவன் ஒதுங்குகிற மூலையில் கிடைத்தது. அவன் கையாலேதான் பஞ்சில் வைத்தான். அண்ணன் சந்தோஷப்படுவார் என்று சொன்னது அவன்தான்.

இதற்குமேல் எழுத எனக்கு முடியவில்லை.

அழகம்மாள்

*

கோயமுத்தூர்
16-3-1943

அழகு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். படித்து முடித்தபிறகு எதிரில் இருந்தவர் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று இன்றுவரை தெரியவில்லை. வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறேன். எந்த வழியாக வந்தேன் என்பதும் நினைவில்லை. உன் அண்ணி என் கையிலிருந்து காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தவள்தான். அன்று வீட்டில் உலை வைக்கவில்லை.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன். அந்த வார்த்தையைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி திருச்சிராப்பள்ளி கோர்ட்டில் நான் சர்க்கார் தரப்புச் சாட்சி. தம்பிமேல் ரயில் கேசுக்கு லூர்துவின் வாக்குமூலம் இருக்கிறது, அதற்கு நான் வேண்டியதில்லை. என்னைக் கூப்பிடுவது மாப்பிள்ளைமேல் போட்டிருக்கும் கேசுக்காக. தம்பி பிடிபட்ட அன்றைக்குத்தான் குகைக்கு வந்தான், தனக்கு ஒன்றும் தெரியாது என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். டிசம்பரிலேயே அங்கே ஆள் குடியிருந்தான் என்பதற்கு இருக்கிற ஒரே ருசு என் கடிதமும் அந்த வண்டும். அதை நான் மெய் என்று சொன்னால், குற்றவாளியை மறைத்து வைத்ததற்காக மாப்பிள்ளை சிறைக்குப் போவார்.

வண்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

நல்லதம்பி

*

கோயமுத்தூர்
20-4-1943

அன்புள்ள அழகு,

குழந்தைகள் சுகமாக இருக்கிறார்களா? கோர்ட் வாசலில் புளியமரத்தடியில் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாய். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பக்கத்தில் வர எனக்குத் தைரியம் இல்லை. உள்ளே நடந்ததை என் வாயால் உனக்குச் சொல்லவேண்டும் என்று எழுதுகிறேன்.

தம்பியை வேறு நாள் கொண்டுவருவார்களாம், அங்கே இல்லை. மாப்பிள்ளை மட்டும் கூண்டில் நின்றார். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்து எப்போதும்போல் தலையை அசைத்தார். அதை என்னால் தாங்கமுடியவில்லை.

சர்க்கார் வக்கீல் என் கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு, இது நீங்கள் எழுதியதுதானா என்றார். நான்தான் எழுதினேன் என்றேன். இந்த வண்டு வௌவால் எருவில் வாழாது என்பது உண்மைதானே என்றார்.

"வாழும்" என்றேன்.

வக்கீல் கையிலிருந்த நகலை மறுபடி புரட்டினார். அவர் மறுபடி கேட்டார். நான் எழுதியது தப்பு, மேலதிகாரி ஊரில் இல்லாத சமயம், அரைகுறைப் படிப்பை வைத்துக்கொண்டு தங்கையிடம் பெருமையடித்துவிட்டேன், இது குகைகளில் சாதாரணமாக இருக்கும் வண்டு, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருக்கும் என்றேன். நீதிபதி தீப்பெட்டியைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வக்கீலிடம் கொடுத்தார். வக்கீல் குமாஸ்தாவிடம் கொடுத்தார். அந்த அறையில் அது என்ன வண்டு என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். இப்படிப்பட்ட முட்டாள்களை வேலைக்கு வைத்திருக்கிறார்களே என்று வக்கீல் சொன்னார். எழுதிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை அன்றைக்கே விடுதலையாகி உன்னோடு வந்ததை ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு ரயில் ஏறினேன்.

இங்கே துரை திரும்பிவிட்டார். போலீசார் வண்டையும் அவருக்கு அனுப்பி, அது எந்த வகை என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவர் வண்டை இரண்டு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "நல்லதம்பி, நீ எழுதியது சரி. கோர்ட்டில் மாற்றிச் சொன்னது ஏன்?" என்றார். அவன் என் தம்பி சார், இவர் என் தங்கை புருஷன் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். போலீசுக்குத் தாம் வண்டு அழுகிவிட்டது என்று எழுதுவதாகவும், நான் நாளைக்குள் ராஜினாமா கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். கொடுத்துவிட்டேன். அவர் கட்டுரையில் அந்தக் குகையைப் பற்றி எழுதப்போவதில்லையாம்.

தம்பிக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் ஒரு வரி எழுது. வேறு ஒன்றும் கேட்க எனக்கு உரிமை இல்லை.

நல்லதம்பி

*

மேலூர்
17-5-1943

அண்ணன் அவர்களுக்கு அழகம்மாள் வணக்கம். நானும் இவரும் குழந்தைகளும் சுகம். அண்ணியும் பிள்ளைகளும் சுகமா?

தம்பிக்கு மூன்று வருஷம் போட்டிருக்கிறார்கள். போன திங்கட்கிழமை சென்ட்ரல் ஜெயிலில் பார்த்தேன். கை கோணலாகக் கூடியிருக்கிறது. இனிமேல் ரம்பமோ சுத்தியோ பிடிக்கமுடியாது என்று ஜெயில் டாக்டர் சொன்னாராம். இத்தனை நாளும் அவன் என்னிடம் உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னேன், நீங்கள் கோர்ட்டில் சொன்னதையும் வேலை போனதையும்.

"அண்ணன் பொய் சொன்னாரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அண்ணனா?" என்று மறுபடி கேட்டான். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கை முறிந்தபோதும், தீர்ப்புச் சொன்னபோதும் அழாதவன் அழுதான். வார்டர் வந்து நேரமாச்சு என்று எழுப்பினார். போகும்போது திரும்பிப் பார்த்து, "அண்ணன் பிள்ளைங்க ஸ்கூலுக்கு என்ன பண்றாங்கன்னு கேளுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நானும் கேட்கிறேன். பிள்ளைகளை ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். இவர் உங்களுக்காகப் பின்கட்டு அறையை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்கிறார். உங்கள்மேல் இவருக்குக் கோபம் இல்லை. கோர்ட்டில் நீங்கள் பேசும்போது கூண்டுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை இவர் பார்த்தாராம்.

எனக்குக் கோபம் இருக்கிறது அண்ணா. இல்லை என்று சொன்னால் பொய். தபால்காரர் தெருமுனையில் வந்தாலே உள்ளே போய்விடுகிறேன். உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் புகை நாற்றம் வருகிறது. போன கடிதத்தை இவர்தான் பிரித்துப் படித்துக் காட்டினார்.

ஆகையால் இதற்குப் பதில் எழுதவேண்டாம். என்றைக்கு வருகிறீர்கள் என்றுகூட எழுதவேண்டாம். அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறி வந்துவிடுங்கள். நேரில் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பமாட்டேன்.

தங்கை,
அழகம்மாள்